மூட்டைக்குள் போகும் கோப்புகள்

மென்பொருள் எழுதுகிறவர்களிடம், உங்கள் வேலையில் சுவாரசியமே இல்லாத பகுதி எது என்று கேட்டால், ‘பேக்கேஜிங்’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நிரலை எழுதி, சோதித்து, எல்லாம் முடிந்த பிறகு அதை மூட்டையாகக் கட்டி ஊருக்கு அனுப்புகிற வேலை அது. அதற்குள்ளும் ஓர் ஓரத்தில் இருப்பது கோப்புத் தேர்வு. நிரலாளரின் கோப்புறையில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான கோப்புகளில் எவை மூட்டைக்குள் போகவேண்டும், எவை போகக்கூடாது என்று முடிவு செய்யும் சில நூறு வரிகள். இதுல என்ன பெரிய வரலாறு இருந்துடப் போகுது என்று தோன்றலாம். ஆனால் ஒரு கருவியின் நிரலைப் படிக்கக் கிடைத்தால் நான் முதலில் தேடிப் போவது இந்த வரிகளைத்தான். அதை எழுதியவர்கள் யாரை நம்பினார்கள், எதை மறந்தார்கள் என்பதெல்லாம் அங்கே பச்சையாகத் தெரியும்.

வீடு மாற்றும்போது சாமான் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் எடுத்துப்போக வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்து, ஒவ்வொன்றாக டிக் அடித்து வண்டியில் ஏற்றுவார்கள். சிலர், ‘அந்த உடைஞ்ச நாற்காலியையும் பழைய பேப்பரையும் விட்டுட்டு மத்ததெல்லாம் ஏத்துங்கப்பா’ என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். முதல் வகையில் ஏதாவது விட்டுப்போகும். இரண்டாம் வகையில் வேண்டாதது ஏதாவது கூடவே வந்துவிடும். விட்டுப்போன சாமான் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். அடுப்பு பற்றவைக்க லைட்டர் இருக்காது. கூடவே வந்துவிட்டது மட்டும் பல வருஷம் பரணில் கிடக்கும், ஒருவருக்கும் தெரியாமல். மென்பொருள் மூட்டையிலும் இதே கதைதான். ஒரு கோப்பு விடுபட்டால் நிரல் ஓடாது, உடனே புகார் வரும். ஒரு கோப்பு அதிகமாகப் போய்விட்டால் சத்தமே வராது. கோப்புத் தேர்வின் ஐம்பதாண்டு வரலாற்றில் பெரும்பாலான சிக்கல்கள் இந்தச் சத்தமின்மையிலிருந்து வந்தவை.

ஒரு புள்ளியின் கதை

தொடக்கம் பெல் லேப்ஸில், யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில். கோப்புறைக்குள் கோப்புறை என்கிற அடுக்கு அமைப்பு உருவானபோது, ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு சிறப்புப் பெயர்கள் வந்தன. ஒற்றைப் புள்ளி என்றால் இந்தக் கோப்புறை. இரட்டைப் புள்ளி என்றால் இதற்கு மேலே உள்ளது. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையைத் தட்டும்போதெல்லாம் இவை இரண்டும் வந்து நின்று தொந்தரவு செய்தன. கென் தாம்ஸனோ டென்னிஸ் ரிட்சியோ, இருவரில் ஒருவர், இவற்றை மறைக்க ஒரு சின்னச் சோதனையைச் சேர்த்தார். பெயர் ஒற்றைப் புள்ளியா, இரட்டைப் புள்ளியா என்று முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் விட்டுவிடு என்று எழுதியது சுருக்கமாக இருந்தது. அப்படியே எழுதிவிட்டார்.

பெல் லேப்ஸில் அவர்களோடு வேலை செய்த ராப் பைக் 2012இல் இந்தக் கதையை எழுதினார். அந்தச் சுருக்குவழி இரண்டு விளைவுகளைத் தந்தது என்பது அவர் வாதம். ஒன்று, மற்ற நிரலாளர்களும் அதே சுருக்குவழியைப் பின்பற்றினார்கள். இரண்டு, புள்ளியில் தொடங்கும் பெயர் வைத்தால் கோப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதே ஒரு வசதியாகிப் போனது. யாரும் திட்டமிடாத ‘மறைந்த கோப்பு’ என்ற கருத்து இப்படித்தான் பிறந்தது. நட்சத்திரக் குறி போட்டு ‘எல்லாக் கோப்பும்’ என்று ஷெல்லிடம் கேட்டாலும், புள்ளிக் கோப்புகளை இன்றுவரை அது சேர்ப்பதில்லை. ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு அன்றிலிருந்தே ஓர் அடிக்குறிப்பு சேர்ந்துவிட்டது.

பட்டியல் போட்டவர்கள்

1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ‘டார்’ வந்தது. காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக அடுக்கும் கருவி. அதற்குச் சொந்தமாக அபிப்பிராயம் எதுவும் கிடையாது. எந்தப் பெயரைக் கொடுக்கிறோமோ அதைக் கட்டும், கோப்புறையைக் கொடுத்தால் உள்ளே இருப்பதையெல்லாம் கட்டும். தேர்வு முழுக்க மனிதரின் பொறுப்பு. மென்பொருளை இணையம் வழியே ஊர் ஊராக அனுப்பத் தொடங்கியபோதுதான் மனித நினைவு இதற்குப் போதாது என்று தெரிந்தது.

பெர்ல் உலகத்தின் விடை ‘மேனிஃபெஸ்ட்’ என்ற வெற்றுக் கோப்பு. மூட்டைக்குள் போகவேண்டிய ஒவ்வொரு கோப்பின் பெயரும் அதில் ஒரு வரி. சரக்கு லாரியோடு போகும் சீட்டு மாதிரி. பெற்றுக்கொண்டவர் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். குனு உலகத்தில் ‘ஆட்டோமேக்’ வேறு வழியில் போனது. நிரலைக் கட்டுவதற்கான விதிகளிலிருந்தே எந்தெந்த மூலக் கோப்புகள் தேவை என்பதை அது கண்டுபிடித்துக்கொள்ளும். அதற்குச் சிக்காதவற்றை நாம் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலும் விடுபடும் என்பதால் ‘டிஸ்ட்செக்’ என்று ஒரு கட்டளை. மூட்டையைக் கட்டி, உடனே வேறோர் இடத்தில் பிரித்து, மூலக் கோப்புகளில் எழுத முடியாதபடி பூட்டி, அங்கிருந்து மறுபடி நிரலைக் கட்டிச் சோதிக்கும். வண்டி கிளம்பும் முன்னே புது வீட்டில் ஒருமுறை சமைத்துப் பார்ப்பதுபோல. விடுபட்டதைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. அதிகமாகப் போனதை இது பிடிக்காது.

ஆட்டோமேக்கின் வழக்கம் ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். மூட்டைக்குள் போகும் சில கோப்புகள் மூலக் களஞ்சியத்தில் இருக்கவே இருக்காது. ‘கான்ஃபிகர்’ என்கிற நீண்ட ஸ்கிரிப்ட், அதற்கு உதவும் சில துணைக் கோப்புகள் இவையெல்லாம் கருவியால் உருவாக்கப்பட்டு மூட்டையில் சேர்க்கப்படும். காரணம் நேர்மையானது. வாங்குகிறவரிடம் அந்தக் கருவிகள் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் களஞ்சியமும் மூட்டையும் ஒன்றாக இருக்காது என்பது இப்படி இயல்பான விஷயமாகிவிட்டது.

2000இல் பைதான் 1.6உடன் வந்த ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’, கிரெக் வார்டின் முயற்சி, ஒரு நடுவழியை எடுத்தது. பட்டியலை நேரடியாக எழுதாமல், பட்டியலை உருவாக்கும் சின்ன மொழி ஒன்றை எழுதுவது. இதைச் சேர், அதை நீக்கு, இந்தக் கிளையை முழுதாக ஒட்டு, அந்தக் கிளையை வெட்டு என்று தோட்டக்காரருக்குச் சொல்வது போன்ற ஆணைகள். உருவான பட்டியல் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். பழைய பட்டியல் இருக்கும்போது புதுக்கோப்பு ஒன்றைச் சேர்த்தால், மறுபடி உருவாக்க வேண்டுமா, இருப்பதையே நம்ப வேண்டுமா? கோப்புகளின் நேர முத்திரையை ஒப்பிட்டு முடிவு செய்யும் பழைய விதி பலரைக் குழப்பியது. பின்னாளில் அந்த விதியை எடுத்துவிட்டு, இது கருவி உருவாக்கிய பட்டியல் என்று முதல் வரியிலேயே குறிப்பு எழுதும் முறைக்கு மாறினார்கள். குறிப்பு இருந்தால் கருவி மாற்றி எழுதும். இல்லையென்றால் அது மனிதர் எழுதியது, தொடாது. எளிய தீர்வுதான். அதற்குப் பல ஆண்டு ஆயிற்று. 2023இல் வந்த பைதான் 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டபோதும், அந்தத் தோட்டக்கார மொழி ‘செட்டப்டூல்ஸ்’ வழியாக உயிரோடுதான் இருக்கிறது.

விலக்கு ஆட்சி

2005இல் கிட் வந்தது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாரும் அதற்கு மாறினார்கள். ‘கிட்இக்னோர்’ என்ற கோப்பில், களஞ்சியத்துக்குள் வரக்கூடாதவற்றை எழுதிவைப்பது அன்றாடப் பழக்கமானது. அதன் மாதிரிக் குறிகளுக்கு நுணுக்கமான இலக்கணம் உண்டு. சாய்கோடு தொடக்கத்தில் வந்தால் ஒரு பொருள், கடைசியில் வந்தால் ஒரு பொருள். ஆச்சரியக்குறி போட்டால் விலக்கியதை மறுபடி அழைத்துவரலாம்; ஆனால் அதன் தாய்க் கோப்புறையையே விலக்கியிருந்தால் முடியாது.

ஐசக் ஷ்லூட்டர் உருவாக்கிய என்.பி.எம், ஜாவாஸ்கிரிப்ட் உலகின் மூட்டைக்கடை, இந்தப் பழக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. ‘என்பிஎம்இக்னோர்’ என்று ஒரு கோப்பு இருந்தால் அதன்படி விலக்கும். இல்லையென்றால் கிட்இக்னோரையே எடுத்துக்கொள்ளும். கேட்பதற்கு எவ்வளவு வசதி! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடவுச்சொற்கள் வைத்திருக்கும் ஒரு கோப்பை ஒருவர் கிட்இக்னோரில் போட்டிருக்கிறார். மூட்டையிலும் அது போகவில்லை. ஒருநாள், சோதனைக் கோப்புகள் மூட்டையைக் கனமாக்குகின்றனவே என்று, ஒரே ஒரு வரியோடு என்பிஎம்இக்னோர் ஒன்றை உருவாக்குகிறார். அந்தக் கணத்திலிருந்து கிட்இக்னோரை அந்தக் கோப்புறையில் யாரும் பார்ப்பதில்லை. கூடுதலாக ஒன்றை விலக்கப் போனவர், ஏற்கெனவே விலக்கியிருந்த எல்லாவற்றையும் உள்ளே அனுமதித்துவிட்டார். பிழைச்செய்தி வராது. மூட்டை நன்றாக ஓடும். ஆவணத்தில் எழுதியிருக்கும் விதிதான் இது. ஆனாலும் விலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது மூட்டையைப் பெரிதாக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்?

இரண்டு கணக்கர்கள்

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் மறுசீரமைப்பு ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவியான கார்கோவில் நடந்தது. அந்த மொழியின் மூட்டைக்கடை 2014 நவம்பரில் திறந்தது. எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று இரண்டு புலங்களைக் கார்கோ வைத்திருந்தது. இரண்டையும் எழுதினால் சேர்ப்புப் பட்டியல் மட்டும் செல்லும். இரண்டுமே எழுதாமல், கிட் களஞ்சியமும் இல்லாமல் இருந்தால், புள்ளியில் தொடங்கும் கோப்புகளை விட்டுவிடும். ஐம்பதாண்டுக்கு முன் பெல் லேப்ஸில் போட்ட சுருக்குவழி இங்கே அதிகாரபூர்வ விதியாக உட்கார்ந்திருக்கிறது.

சிக்கல் மாதிரிக் குறிகளில் இருந்தது. கார்கோ அப்போது பயன்படுத்தியது பழைய பாணி ‘குளோப்’ பொருத்தம். பயனர்கள் மனத்தில் இருந்ததோ கிட்இக்னோரின் இலக்கணம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விலக்குப் பட்டியலில் ஒரு கோப்புறையின் பெயரை மட்டும் எழுதினால், கிட்டின் இலக்கணப்படி உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். பழைய பொருத்தத்தில் உள்ளே இருக்கும் எதுவும் விலகாது. ஒரு கோப்புறைக்குள் நட்சத்திரம் போட்டால், பழையதில் அது சாய்கோட்டையும் தாண்டி ஆழமான அடுக்குகள் வரை பிடிக்கும். கிட்டில் நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது. மாற்றியாக வேண்டும். ஆனால் ஒரே நாளில் மாற்றினால், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேரின் மூட்டைகளில் உள்ளிருப்பது சத்தமில்லாமல் மாறும்.

மார்ட்டின் ஃபவுலர் 1999இல் எழுதிய நூல் இந்தத் தொழிலுக்கு ‘ரீஃபாக்டரிங்’ என்ற சொல்லைப் பரவலாக்கியது. வெளியே தெரியும் நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பைச் சீராக்குவது என்பது அதன் வரையறை. கோப்புத் தேர்வில் ‘வெளியே தெரியும் நடத்தை’ என்பது எது? கருவியின் திரையில் அது தெரியாது. மற்றவர்களின் மூட்டைகளுக்குள் இருக்கிறது.

கார்கோ குழு 2017இல் செய்தது இது. பழைய பொருத்தத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டையும் ஓடவிட்டார்கள். புதிய பொருத்தத்துக்கு, ரிப்கிரெப் என்ற தேடல் கருவிக்காக ஆண்ட்ரூ கேலன்ட் எழுதியிருந்த நூலகத்தையே எடுத்துக்கொண்டார்கள். அது விலக்குவதற்காக எழுதப்பட்டது. சேர்ப்புப் பட்டியலுக்கு அதையே தலைகீழாகப் பயன்படுத்தினார்கள்: அது ‘விலக்கு’ என்றால் இவர்கள் ‘சேர்’ என்று எடுத்துக்கொண்டார்கள். முடிவைப் பழைய கணக்கரே சொல்வார். புதிய கணக்கர் வேறு விதமாகச் சொன்னால், அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லி எச்சரிக்கை வரும்: பொருத்தும் முறை மாறப்போகிறது, இனி வரும் பதிப்பில் இந்தக் கோப்பு விலக்கப்படும், அல்லது விலக்கப்படாது. இரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே கல்லாவில் உட்கார்ந்திருந்தார்கள். 2019இல்தான் பழைய கணக்கரை வீட்டுக்கு அனுப்பி, புதியவரிடம் சாவியைக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு ஆண்டும் நிரல் அழகாக இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு வழி, நடுவே எச்சரிக்கைக்கான கிளைகள். ‘எதுக்கு ரெண்டு? ஒண்ணைத் தூக்கிடலாமே’ என்று வாசிக்கிற யாருக்கும் கை துறுதுறுக்கும். அந்த அசிங்கத்தைப் பொறுத்துக்கொண்டதில்தான் பயனர்கள் மேல் அவர்களுக்கிருந்த மரியாதை தெரிகிறது என்பது என் எண்ணம். அந்த மூட்டைக்கடையில் ஒருமுறை வெளியான பதிப்பை மாற்றி எழுத முடியாது. வேண்டாம் என்று குறிக்கலாம், ஆனால் இறக்கிக்கொள்ள இயலும். தவறாகக் கட்டிய மூட்டை அங்கே பெரும்பாலும் நிரந்தரம்.

என்.பி.எம் இதே காரியத்தை வேறு விதமாகச் செய்தது. 2022 அக்டோபரில் வந்த அதன் 9ஆம் பதிப்பு, விதிகளின் வரிசையைக் கறாராக்கியது. சேர்ப்புப் பட்டியல் இருந்தால், வேர்க் கோப்புறையில் உள்ள விலக்குக் கோப்புகள் இரண்டும் கணக்கில் வராது. முன்பு இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால், எது வெல்லும் என்று பலருக்கும் பிடிபடவில்லை. இதைப் பழைய வழக்கத்தை முறிக்கும் மாற்றம் என்று வெளிப்படையாக அறிவித்து, பெரும் பதிப்பு எண்ணை உயர்த்தி வெளியிட்டார்கள். கார்கோவின் பொறுமை இதில் இல்லை. ஆனால் மறைத்துச் செய்யவும் இல்லை.

நீட்டித்த இடைவெளி

களஞ்சியத்துக்கும் மூட்டைக்கும் உள்ள இடைவெளியில் யார் வேண்டுமானாலும் குடியேறலாம் என்பதை 2018 நவம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் உலகம் கண்டது. ‘ஈவன்ட்-ஸ்ட்ரீம்’ என்ற பிரபலமான மூட்டையின் பராமரிப்பை ஏற்றுக்கொண்ட ஒருவர், அதற்குத் துணையாக இன்னொரு சிறு மூட்டையைச் சேர்த்தார். அந்தத் துணை மூட்டையின் சுருக்கப்பட்ட கோப்பில், பொதுக் களஞ்சியத்தில் இல்லாத நிரல் இருந்தது. பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்த திருட்டு நிரல். களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அது மூட்டையில் மட்டும் இருந்தது.

2024 மார்ச் 29 அன்று வெளிவந்தது இன்னும் பெரிய கதை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளரும் மைக்ரோசாஃப்ட் ஊழியருமான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தொலைக் கணினிக்குள் நுழையும்போது ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடாமல் தோண்டினார். ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்பாளர் லாசே கொலினின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீடு செய்யும் உரிமையும் பெற்ற ஒருவரின் வேலை.

அந்தப் பின்கதவு இரண்டு பாதியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. முக்கியமான சரக்கு, சுருக்க நிரலைச் சோதிப்பதற்கான மாதிரிக் கோப்புகள் என்ற பெயரில் களஞ்சியத்திலேயே இருந்தது. திறந்து வாசிக்க முடியாத இருமக் கோப்புகள். கெட்டுப்போன கோப்பு மாதிரி என்று பெயர் வைத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அதைத் தட்டி எழுப்பும் சில வரிகளோ வெளியீட்டு மூட்டையில் மட்டும் இருந்தன, ஆட்டோமேக் வகைத் துணைக் கோப்பு ஒன்றுக்குள். மூட்டையில் களஞ்சியத்தில் இல்லாத துணைக் கோப்புகள் இருப்பது பல பத்தாண்டுப் பழக்கம் என்று முன்பே சொன்னேன். அந்த நேர்மையான பழக்கத்தின் நிழலில்தான் இந்த நேர்மையற்ற கோப்பு ஒளிந்துகொண்டது. களஞ்சியத்திலிருந்து நேரடியாகக் கட்டியவர்களுக்குப் பின்கதவு விழிக்கவில்லை. மூட்டையை நம்பியவர்களுக்கு விழித்தது.

இதன்பின் மூட்டையும் களஞ்சியமும் ஒன்றுதானா என்ற கேள்வி பல லினக்ஸ் விநியோகங்களில் உரக்கக் கேட்கப்பட்டது. மூட்டை எந்தக் களஞ்சிய நிலையிலிருந்து, எந்த இயந்திரத்தில் கட்டப்பட்டது என்று கையொப்பமிட்டுச் சொல்லும் வசதியை என்.பி.எம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது. கார்கோவும் களஞ்சியத்தின் எந்த நிலையிலிருந்து மூட்டை கட்டப்பட்டது என்பதை ஒரு சிறு கோப்பாக மூட்டைக்குள்ளேயே வைக்கிறது. சேமிக்காத மாற்றங்கள் இருந்தால், வற்புறுத்தினாலொழியக் கட்ட மறுக்கிறது. இவையெல்லாம் நல்ல காவல். ஆனால் மூட்டை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இவை சொல்லும். உள்ளே இருப்பதெல்லாம் இருக்க வேண்டியதுதானா என்று சொல்ல இவற்றால் முடியாது.

அதற்கு வேறு கருவி தேவையில்லை. கட்டப்போகும் கோப்புகளின் பெயர்களை, மூட்டையை அனுப்பாமலே அச்சிட்டுக் காட்டும் வசதி கார்கோவிலும் உண்டு, என்.பி.எம்மிலும் உண்டு. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அந்தப் பட்டியலை எடுத்து, போன வெளியீட்டின் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் போதும். பல மூட்டைகளில் வித்தியாசம் இரண்டு மூன்று வரிதான் வரும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வாசித்துவிடலாம். கோப்புத் தேர்வு நிரலைத் திருத்தி எழுதுகிறவர்கள், பழைய நிரலையும் புதியதையும் பல உண்மையான மூட்டைகளின் மேல் ஓடவிட்டு, வித்தியாசத்தை அதே மாதிரி வாசிக்கலாம். சோதனைகள் பச்சை விளக்கு காட்டினாலும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அதிகமாகப் போன கோப்புக்காக எந்தச் சோதனையும் தோற்காது. அரை விநாடியைப் பொருட்படுத்தும் ஃப்ராயிண்ட் ஒவ்வொரு முறையும் வந்து காப்பாற்றுவார் என்று நாம் இருந்துவிட முடியாது.